வாரத்துக்கு மூன்று நாள்: ஓசூருக்கு ஒரு கணக்கு, அரூருக்கு ஒரு கணக்கு

பெங்களூரில் இருக்கும் ஒரு பொறியியல் நிறுவனம் ஊழியர்களுக்கு ஒரு மெயில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், மீதி இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. ஓசூர் பாகலூர் சாலையில் குடியிருப்பவர் அதைப் படித்துவிட்டு, 'பரவாயில்லை, ரெண்டு நாள் அத்திப்பள்ளி டிராஃபிக் மிச்சம்' என்பார். தருமபுரி மாவட்டத்தில் அரூர் பக்கத்துக் கிராமத்தில் உட்கார்ந்து அதே மெயிலைப் படிப்பவர் அன்று மாலையே எலெக்ட்ரானிக் சிட்டியில் பிஜி (மாத வாடகைக்குக் கட்டில் தரும் விடுதி) விசாரிக்க ஆரம்பிப்பார். அவருக்கு மூன்று நாளும் ஒன்றுதான், ஐந்து நாளும் ஒன்றுதான். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் என்று சொல்லியிருந்தால்கூட விடிகாலை பஸ் பிடித்து, இரவு வீடு திரும்பி, அடுத்த நாள் பாதி உயிரோடு லேப்டாப் முன் உட்கார வேண்டியிருக்கும்.

சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்ற ஹைபிரிட் வேலை பற்றிய பேச்சு எல்லாம் எத்தனை நாள் என்ற எண்ணிக்கையையே சுற்றுகிறது. அந்த நாள்களை வாரத்தை வைத்து எண்ணுகிறார்களா, மாதத்தை வைத்தா, எந்த வேலைக்கு எண்ணுகிறார்கள் என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் பொறுத்தவரை ஒருவர் சொந்த ஊரில் இருந்துகொண்டு பொறியாளராக வேலை செய்ய முடியுமா முடியாதா என்பதை முடிவு செய்வது அந்தப் பொடி எழுத்து நிபந்தனைதான்.

ஒரே சாலை, எதிரெதிர் பஸ்கள்

2004 பிப்ரவரி வரை தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டம். பெங்களூரிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், தருமபுரி என்று ஊர்களை வரிசையாகத் தொட்டுப் போகிறது. பெங்களூரிலிருந்து ஓசூர் சுமார் 40 கிலோமீட்டர், கிருஷ்ணகிரி 90, தருமபுரி 130. அரூர் அதையும் தாண்டி உள்ளே. ரயில் என்று பார்த்தால் சேலம், ஓமலூர், தருமபுரி, ஓசூர் வழியாக ஒரு பாதை பெங்களூருக்குப் போகிறது. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையமே கிடையாது. பர்கூரிலோ கிருஷ்ணகிரியிலோ இருப்பவருக்கு பஸ் அல்லது சொந்த வண்டி, வேறு வழியில்லை.

இந்த ஊர்களில் பொறியியல் வேலை கணினியோடு வந்ததல்ல. ஓசூரில் அரசின் தொழிற்பேட்டையான சிப்காட் 1970களிலேயே வந்துவிட்டது. அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் எல்லாம் 1980களுக்குள் இங்கே உற்பத்தியைத் தொடங்கிவிட்டன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் நூற்றுக்கணக்கான சிறு, நடுத்தரப் பட்டறைகள் பின்னாலேயே வளர்ந்தன. 2021க்குப் பிறகு போச்சம்பள்ளியில் ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலை, ஓசூர் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் என்று பட்டியல் நீண்டது.

ஆகவே காலையில் அத்திப்பள்ளி எல்லையில் நின்று பார்த்தால் போக்குவரத்து இரண்டு பக்கமும் ஓடும். ஓசூரில் வீடு வாங்கியவர்கள் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திராவுக்கும் போகிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகப் பெங்களூரில் குடியிருக்கும் மேலாளர்களும் டிசைன் ஆட்களும் கம்பெனி பஸ்ஸில் ஓசூர் சிப்காட்டுக்கு வருகிறார்கள். முதல் கூட்டத்துக்கு 'வீட்டிலிருந்து வேலை' என்றால் தமிழ்நாட்டில் இருப்பது. இரண்டாவது கூட்டத்துக்குக் கர்நாடகத்தில் இருப்பது. 2020இல் மாநிலம் தாண்ட இ-பாஸ் கேட்ட மாதங்களில் இரு கூட்டமும் ஒரே சமயத்தில் மாட்டிக்கொண்டன.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தொழில் வரி என்று சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அரசியலமைப்பின் 276ஆம் பிரிவுப்படி ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாத சின்ன வரி. தமிழ்நாட்டில் அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குப் போகிறது. மாதத்தில் பாதி நாள் காவேரிப்பட்டினத்தில் உட்கார்ந்து வேலை செய்பவரிடம் பெங்களூரு நிறுவனம் பிடிக்கும் தொழில் வரி கர்நாடகத்துக்குப் போகும். அவர் தெருவில் விளக்கு எரியவில்லை என்றால் கேட்கவேண்டிய பஞ்சாயத்துக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

அழைத்தார்கள், அனுப்பினார்கள், மறுபடி அழைத்தார்கள்

2020 மார்ச் ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குப் போன கதை தெரிந்ததுதான். அப்போது சட்டம் எப்படி வளைந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. தொலைத்தொடர்புத் துறையின் விதிகள் அதற்கு முன்பு வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு நிறைய நிபந்தனைகள் வைத்திருந்தன. 2020 நவம்பரில் அந்த விதிகளைத் தளர்த்தி, பதிவு செய்யும் கட்டாயத்தையும் பெருமளவு நீக்கினார்கள். சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் இருக்கும் நிறுவனங்களுக்கு இன்னொரு சிக்கல்: வரிச்சலுகை அந்த வளாகத்தோடு கட்டப்பட்டது. அங்கே சுங்கவரி இல்லாமல் வந்த கணினியை ஊழியர் பாலக்கோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? 2022 ஜூலையில் 43ஏ என்ற விதி வந்தது. பாதி ஊழியர்கள் வரை, ஓராண்டுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் அந்தப் பாதி என்ற வரம்பையும் தளர்த்தினார்கள். பிறகும் நீட்டிப்புகள் வந்தன.

பெரிய நிறுவனங்கள் என்ன செய்தன என்பதையும் பார்த்துவிடலாம். டிசிஎஸ் 2020இல், 2025க்குள் 25 சதவீத ஊழியர்கள் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று ஒரு திட்டம் அறிவித்தது. 2023 அக்டோபரில் வாரத்தில் ஐந்து நாளும் வரச் சொன்னது. அடுத்த ஆண்டு வருகைப்பதிவை ஊக்கச் சம்பளத்தோடு முடிச்சுப் போட்டது. விப்ரோ 2023 நவம்பரில் வாரத்தில் மூன்று நாள் என்றது. அதே மாதம் இன்போசிஸ் கீழ்நிலை, நடுநிலை ஊழியர்களை மாதத்தில் பத்து நாள் வரச் சொன்னது. அமேசான் 2025 ஜனவரியிலிருந்து ஐந்து நாள்.

விப்ரோவின் மூன்று நாளையும் இன்போசிஸின் பத்து நாளையும் செய்திகளில் 'ஹைபிரிட்' என்ற ஒரே பையில் போட்டுவிட்டார்கள். பெங்களூரில் குடியிருப்பவருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் கூடக்குறைய, அவ்வளவுதான். தருமபுரிக்காரர் இடத்தில் நின்று பாருங்கள். வாரத்துக்கு மூன்று நாள் என்றால் பெங்களூரில் நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும். மாதத்துக்குப் பத்து நாள் என்றால், மேலாளர் ஒத்துக்கொண்டால், இரண்டு வாரம் ஒரேயடியாகப் போய் வேலை பார்த்துவிட்டு மீதி நாளெல்லாம் ஊரில் இருக்கலாம். பிஜி உரிமையாளர்கள் மாதக் கணக்கில்தான் பணம் கேட்பார்கள் என்பது வேறு விஷயம். அதற்கும் நம்மாட்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: ஒரே கட்டிலை இரண்டு நண்பர்கள், ஆளுக்கு இரண்டு வாரம்.

டிராயிங் வீட்டில் வளரும், ஃபிக்ஸ்சர் வளராது

மேலே சொன்னதெல்லாம் மென்பொருள் நிறுவனங்கள். பொறியியல் நிறுவனம் என்று வரும்போது கதையில் ஒரு பொருள் நுழைகிறது. எங்கோ ஓர் இடத்தில் எடையும் சூடும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள ஒரு பொருள் இருக்கிறது. அது இருக்கும் இடத்துக்கு யாராவது போயாக வேண்டும்.

ஓர் உதாரணம். அலுமினியக் கேஸ்டிங் ஒன்றில் துளை போட, அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு ஃபிக்ஸ்சர் வேண்டும். டிசைன் பொறியாளர் கணினியில் வரைந்த கேட் மாடலில் பாகத்தை வைத்து, அதன் இடத்தை நிறுத்தும் லொக்கேட்டர் பின் எங்கே, அது உட்காரும் ரெஸ்ட் பேட் எங்கே, இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் எங்கே என்று முடிவு செய்கிறார். இதை ராயக்கோட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து தாராளமாகச் செய்யலாம். அமைதியான வீடு என்றால் அலுவலகத்தைவிட நன்றாகவே செய்யலாம். டிராயிங் வெளியாகி, ஆலையின் கருவிப் பட்டறையான டூல் ரூம் அதைச் செய்து, மெஷினில் ஏற்றுகிறார்கள். முதல் பத்து பீஸ் சரியாக வரும். பிறகு துளையின் இடம் மெல்ல நகர ஆரம்பிக்கும். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் மெயிலில் போகிறது. ராயக்கோட்டைக்காரர் மாடலைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார், அளவு எவ்வளவு விலகலாம் என்ற டாலரன்ஸ் கணக்கைச் சரிபார்க்கிறார், எல்லாம் சரியாகவே இருக்கிறது. லைனில் நிற்கும் ஆபரேட்டரைக் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடுவார்: 'சார், சிப்ஸ் வந்து பேட் மேல உட்காருது. ஒவ்வொரு பீஸுக்கும் ஏர் கன் அடிச்சாத்தான் ஜாப் ஒழுங்கா உக்காருது.' திரையில் இருக்கும் மாடலில் உலோகச் சீவல் விழுவதில்லை, கூலன்ட் வழிவதில்லை, கிளாம்ப்பைத் திருகும் கைக்கு இடம் தேவைப்படுவதில்லை. பேடின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டி, ஓரத்தைச் சரித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அதைப் பார்க்க ஒருவர் நேரில் போய் அரை மணி நேரம் நிற்க வேண்டும்.

போகட்டும், அந்த ஆபரேட்டர் வீடியோ கால் போட்டுக் காட்டலாமே என்று கேட்பீர்கள். சில ஆலைகளில் செய்கிறார்கள். பல ஆலைகளில் கேமரா உள்ள போனையே உள்ளே விடுவதில்லை. வாசலிலேயே லென்ஸ் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். வாகன நிறுவனங்கள் இன்னும் சந்தைக்கு வராத மாடலின் பாகங்களைச் செய்யக் கொடுக்கும்போது ரகசிய ஒப்பந்தம் போடுகிறார்கள். ஜெர்மன் வாகன நிறுவனங்களுக்கு வேலை செய்வோரிடம் டிஸாக்ஸ் என்ற தகவல் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்பது வழக்கம். அந்த டிராயிங் எந்தத் திரையில், எந்த அறையில், யார் கண்ணில் படும் இடத்தில் திறக்கப்படுகிறது என்பதெல்லாம் தணிக்கையில் கேள்வியாக வரும். தம்பி நீட் தேர்வுக்குப் படிக்கும் அதே அறையில் உட்கார்ந்து அதைத் திறக்கலாமா என்பதற்கு நிறுவனத்துக்கு நிறுவனம் பதில் மாறும்.

கணினி வசதியும் ஒரு தடை. கேட் மென்பொருள் லைசென்ஸ் விலை அதிகம் என்பதால் ஆளுக்கு ஒன்று வாங்குவதில்லை. சர்வரில் குறிப்பிட்ட எண்ணிக்கை வைத்து, திறப்பவருக்கு ஒன்று, மூடினால் அடுத்தவருக்கு என்று சுழலவிடுவார்கள். வீட்டிலிருந்து விபிஎன் வழியாக ஒன்றை எடுத்துக்கொண்டு, மூடாமல் சாப்பிடப் போய்விட்டால் பிளாண்டில் ஒருவர் காத்திருக்க வேண்டும். பெரிய அசெம்பிளியை வீட்டு இணைப்பில் இறக்குவது பெரும்பாடு என்பதால், சக்திவாய்ந்த கணினியை அலுவலகத்திலேயே வைத்துத் திரையை மட்டும் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு பரவியிருக்கிறது. கோப்பு வெளியே போகாது, நல்லது. ஆனால் மாடலைச் சுட்டியால் திருப்பினால் அது ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்பும். நாள் முழுக்க அப்படி வேலை செய்தவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

இதிலிருந்து கிடைக்கும் முக்கியமான விஷயம், பொறியியல் வேலை வாரக் கணக்கில் ஓடுவதில்லை என்பது. புதிய பாகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் எல்லோரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பழைய பாகத்தைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துச் சண்டை போட வேண்டும். பிறகு மாடலும் டிராயிங்கும் விரியும் வாரங்கள். அப்போது அலுவலகம் வந்தாலும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் டிரையல், அதாவது லைனில் பாகத்தைச் செய்து பார்க்கும் சோதனை. அந்தப் பத்துப் பதினைந்து நாள் ஜெனரல் ஷிப்ட் எல்லாம் கிடையாது, லைன் எப்போது கிடைக்கிறதோ அப்போது நிற்க வேண்டும், ராத்திரி இரண்டு மணி ஆனாலும். டிரையல் முடிந்ததும் வாடிக்கையாளர் ஒப்புதலுக்கான கோப்பு: அளவு அறிக்கை, கன்ட்ரோல் பிளான், மெட்டீரியல் சான்றிதழ் என்று காகித வேலை. அதை எங்கிருந்தும் செய்யலாம்.

அதாவது வேலை கொத்துக் கொத்தாக வருகிறது. தூரத்து ஊர்க்காரருக்கும் பயணம் கொத்துக் கொத்தாக இருந்தால்தான் கட்டுப்படி ஆகும். வேலைக்கும் ஆளுக்கும் ஒரே தாளம். இரண்டுக்கும் நடுவில் 'செவ்வாய், புதன், வியாழன்' என்று மனிதவளத் துறை போடும் தாளம் மட்டும் வேறாக இருக்கிறது.

அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நிறுவனம் இருக்கைகளைக் குறைத்து வாடகையை மிச்சம் பிடித்திருக்கும். நூறு பேருக்கு அறுபது நாற்காலிதான் இருக்கிறது என்றால் எல்லோரும் ஒரே பத்து நாளில் வந்து நின்றால் உட்கார இடமிருக்காது. வருகைப்பதிவு மென்பொருளுக்கு வாரம் எளிது. 'அவருக்கு மட்டும் ஏன்' என்ற கேள்வியைத் தவிர்க்க எல்லோருக்கும் ஒரே விதி என்பது வசதியான கேடயம். ஆனாலும் என் கணிப்பில், ஒரே எண்ணை எல்லோருக்கும் போடுவது கொள்கை வகுப்பதில் மிகச் சோம்பலான வழி. அதன் விளைவையும் பார்க்கிறோம்: கார்டை ஸ்வைப் செய்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வண்டியைத் திருப்புகிறவர்கள். அதைத் தடுக்க மணிநேரம் எண்ணுகிறார்கள். அதற்கு இன்னொரு வழி கண்டுபிடிக்கிறார்கள்.

ஆய்வுகள் சொல்வது

வீட்டில் இருந்தால் வேலை நடக்காது என்பதற்கும், நன்றாகவே நடக்கிறது என்பதற்கும் ஆளுக்கு ஓர் அனுபவம் வைத்திருப்பார்கள். உருப்படியான சோதனைகள் குறைவு. ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூம் சீனாவின் ஒரு பயண நிறுவனத்தில் செய்த சோதனை 2024இல் நேச்சர் இதழில் வெளியானது. 1,612 பட்டதாரி ஊழியர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கொடுத்தார்கள். வேலைத் தரத்திலோ பதவி உயர்விலோ வித்தியாசம் தெரியவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். யாரிடம் அந்தக் குறைவு தெளிவாகத் தெரிந்தது என்றால், மேலாளர் அல்லாதவர்கள், பெண்கள், நீண்ட தூரம் பயணம் செய்கிறவர்கள். அந்த மூன்றாவது பிரிவினரைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு அத்திப்பள்ளி பஸ் நிறுத்தம்தான் கண்முன் வந்தது.

மறுபக்கமும் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் ஒரு பெரிய நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்த நடாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பல்லைஸ் மூவரும், குழு முழுவதும் ஒரே கட்டிடத்தில் இருக்கும்போது இளையவர்களின் நிரலுக்கு அதிகக் கருத்துகள் கிடைக்கின்றன என்று கண்டார்கள். கற்றுக்கொடுக்கும் மூத்தவர்களின் சொந்த வேலை அந்த அளவுக்குக் குறைகிறது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். குழுவில் ஒரே ஒருவர் தொலைவில் இருந்தாலும், மற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுகூடக் குறைகிறதாம். கூட்டம் முழுக்க ஆன்லைனுக்குப் போய்விடுவதால்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஹைபிரிட்டில் எது வீண் என்று தெரிகிறது. ஆளுக்கொரு நாள் விருப்பப்படி வந்து, வந்த நாளிலும் மேஜையில் உட்கார்ந்து வீட்டிலிருப்பவரோடு வீடியோ காலில் பேசுவதற்கு 40 கிலோமீட்டர் வர வேண்டியதில்லை. வந்தால் குழு மொத்தமும் சேர்ந்து வர வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் அருகில் மூத்தவர் இருக்க வேண்டும். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ, 2013இல் தொடங்கிய தருமபுரி அரசு பொறியியல் கல்லூரியிலோ படித்துவிட்டு வேலையில் சேரும் பையனுக்கோ பெண்ணுக்கோ முதல் ஓராண்டு பிளாண்டில் கழிவது நல்லது என்றே நினைக்கிறேன். அந்த வீட்டில் பெரும்பாலும் அவர்தான் முதல் பட்டதாரி. வேலையிடத்தில் எப்படிப் பேசுவது, 'தெரியவில்லை' என்று எப்போது சொல்வது என்பதைக் கற்றுத்தர வீட்டில் ஆள் கிடையாது. டூல் ரூமில் இருபது வருஷம் நின்ற ஒருவர் கிடைப்பார்.

வீடு என்ற அலுவலகம்

வீட்டிலிருந்து வேலை என்று கொள்கையில் எழுதுகிறவர்கள் மனதில் பெங்களூரு அடுக்குமாடி வீடு இருக்கிறது. பென்னாகரம் பக்கத்தில் ஒரு வீட்டில் நிலைமை வேறு. மாதாந்திரப் பராமரிப்பு என்று துணைமின் நிலையம் ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்தும். எந்த ஊருக்கு என்றைக்கு என்று முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். காலை ஒன்பது மணிக்குப் போகும், மதியமோ மாலையோ வரும். இன்வெர்ட்டர் இருந்தால் லேப்டாப் தாங்கும், இணைய மோடமும் தாங்கும். ஆனால் தெரு முனையில் இருக்கும் கேபிள்காரரின் பெட்டிக்கு பேட்டரி இல்லை என்றால் எல்லாம் இருந்தும் இணையம் இருக்காது. அதனால் இங்கே வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் ஃபைபர் ஒன்று, போன் ஹாட்ஸ்பாட் ஒன்று என்று இரண்டு இணைப்பு வைத்திருப்பார்கள். இரண்டும் கைவிட்டால் பைக்கை எடுத்துக்கொண்டு தருமபுரி டவுனில் இருக்கும் அக்கா வீடு. கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழை கொண்டுபோகும் அரசின் டான்ஃபிநெட் திட்டம் 12,525 ஊராட்சிகளைக் கணக்கில் வைத்துத் தொடங்கியது. ஊராட்சி அலுவலகம் வரை வந்த இழை வீட்டு வாசல் வரை வருவதுதான் மிச்சம் இருக்கும் வேலை.

மின்சாரத்தைவிடப் பெரிய பிரச்சினை சொந்தக்காரர்கள். லேப்டாப் முன் உட்கார்ந்திருப்பவர் 'வீட்டுலதான இருக்கே' என்ற ஒரு வரியில் எல்லா வேலைக்கும் கிடைப்பவர் ஆகிவிடுவார். ரேஷன் கடைக்கு ஒரு நடை, மாமாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஒரு நடை, மாங்காய் லோடு ஏற்ற ஒரு கை. ஆணுக்கே இப்படி என்றால் பெண்ணுக்கு அடுப்படியும் சேரும். இருந்தாலும் திருமணத்துக்குப் பிறகு கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்ட பொறியியல் பட்டதாரிப் பெண்கள் பலருக்கு, வீட்டிலிருந்து செய்யும் வேலை ஒன்றுதான் கையில் இருக்கும் வேலை. அது கிடைக்காவிட்டால், எத்தனை நாள் என்ற கேள்விக்கு முன்பே அவர்கள் வேலையை விட்டுவிடுகிறார்கள்.

சட்டம் அவர்களுக்கு ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் 26 வார விடுப்பு தந்ததோடு, விடுப்பு முடிந்தபின் வேலையின் தன்மை இடம் கொடுத்தால், முதலாளியும் ஊழியரும் பேசி ஒத்துக்கொள்ளும் நிபந்தனையில் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றும் சொன்னது. கொரோனாவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வந்த விதி. இதைச் சொல்லிக் கேட்கலாம் என்பதே பல பேருக்குத் தெரியாது. 'வேலையின் தன்மை' என்ற சொல்லில் நிறுவனம் தப்பிக்கலாம். அங்கேதான் மேலே சொன்ன வேலைப் பிரிப்பு உதவும்: டிரையலுக்கு வர முடியாது, டிராயிங்கும் ஒப்புதல் கோப்பும் என்னால் முடியும் என்று வேலையைப் பிரித்துக் காட்டிக் கேட்டால் மறுப்பது கடினம்.

ஷிப்ட் போகும் டிப்ளமோ, ஐடிஐ ஆட்களுக்கு இந்த விவாதத்தில் இடமே இல்லை. காலை ஆறு மணி ஏ ஷிப்ட்டுக்கு நான்கரைக்கே பஸ் பிடிப்பவருக்கு, மேலே கண்ணாடி அறையில் இருக்கும் பொறியாளர் வெள்ளிக்கிழமை வரமாட்டார் என்பது எரிச்சலாகத்தான் இருக்கும். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்தத்தை நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் முதலில் நிறுத்திவைத்து, மே முதல் நாளன்று திரும்பப் பெற்றதே, அப்போது அதை நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை என்று விளக்கினார்கள். நெகிழ்வான வேலை நேரம் என்று சொன்னால் ஷிப்ட் தொழிலாளியின் காதில் விழுவது நீண்ட வேலை நேரம். அதனால் பல ஆலைகளில் மேலாளர்கள் வாய்மொழியாகப் பொறியாளருக்கு ஒரு நாள், அரை நாள் விடுகிறார்களே தவிர, எழுத்தில் கொள்கை போடுவதில்லை. எழுதினால் யூனியன் கேட்கும். எழுதாவிட்டால் மேலாளர் மாறினதும் சலுகையும் போய்விடும்.

சாலை மாறுகிறது

2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் பாதை ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது, 19 கிலோமீட்டர் சொச்சம். அதை ஓசூர் வரை நீட்டும் பேச்சு பேச்சாகவே இருக்கிறது. ஓசூரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இவை வந்தால் ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடைவெளி இன்னும் சுருங்கும். தருமபுரிக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. தருமபுரிக்கு உதவக்கூடியது, அலுவலகமே தேடி வருவது. 2024 செப்டம்பரில் சேலத்தில் மினி டைடல் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறந்தார்கள். மென்பொருள் நிறுவனமான ஸோஹோ 2011இலிருந்தே தென்காசிப் பக்கம் அலுவலகம் வைத்து, ஊருக்கு அருகில் சின்னச் சின்ன மையங்கள் என்ற வழியைக் காட்டியிருக்கிறது. நல்ல கணினி, தடையில்லா மின்சாரம், பூட்டிய அறை உள்ள முப்பது நாற்காலி மையம் ஒன்று தருமபுரியில் இருந்தால், மேலே சொன்ன தணிக்கைக் கேள்வி, லைசென்ஸ் சிக்கல், ரேஷன் கடை நடை எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடைத்துவிடும். வாரம் முழுவதும் அங்கே, டிரையல் வந்தால் பிளாண்டில். பொறியியல் சேவை நிறுவனங்கள் ஏன் இதை இன்னும் பெரிய அளவில் யோசிக்கவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

அதுவரை கல்லூரி முடித்து வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்கு நடைமுறையாக ஒன்று. கொள்கை என்பது ஒப்பந்தம் அல்ல. இன்று இரண்டு நாள் வீட்டிலிருந்து என்று சொல்லும் நிறுவனம் அடுத்த காலாண்டில் ஒரு மெயிலில் அதை மாற்றலாம், சட்டப்படி அதில் தவறு காண்பது கடினம். 2020 டிசம்பர் கடைசியில் மத்திய அரசு வெளியிட்ட சேவைத் துறை மாதிரி நிலையாணை (வேலை நிபந்தனை விதிகள்) வரைவிலும், நியமன நிபந்தனைக்கோ இருவருக்கும் உள்ள உடன்பாட்டுக்கோ உட்பட்டு, ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்ய முதலாளி அனுமதிக்கலாம் என்றுதான் இருந்தது. 'அனுமதிக்கலாம்', அவ்வளவே. அதனால் ஆஃபர் லெட்டரில் சம்பள வரிக்குக் கீழே 'பணியிடம்' என்று ஒரு வரி இருக்கும், அதைப் படியுங்கள். பெரும்பாலும் 'பெங்களூரு, அல்லது நிறுவனம் அவ்வப்போது தீர்மானிக்கும் எந்த இடமும்' என்று இருக்கும். நேர்காணலில் வாக்குக் கொடுத்த 'வீட்டிலிருந்து வேலை' அந்த வரியில் இல்லை என்றால், சேருமுன் ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டு, வாரக் கணக்கா மாதக் கணக்கா, நாள்களைச் சேர்த்து எடுக்கலாமா, யார் ஒப்புதல் வேண்டும் என்ற மூன்றையும் கேட்டு, பதிலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் ஐந்து நாள் என்று எடுத்துக்கொண்டு, பெங்களூரு வாடகையைக் கழித்த பிறகு மிஞ்சுவதையே சம்பளமாகக் கணக்குப் போடுங்கள். ஓசூர் சிப்காட்டில் கொஞ்சம் குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்த வேலை அப்போது அவ்வளவு குறைவாகத் தெரியாது.